ஜோவான் டீச்சரின் சாய்ந்த வானம்

பிரபஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்ற வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்தது மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், மலையடிச் சர்ச்சின் லக்கி டிரா மேசையில்தான். அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற விஞ்ஞானிகள் அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சரி, கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. பேனாவை யாரும் கீழே வைக்கவில்லை. ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தாலே பெரிய விஷயம். ஆனால் மேசை நிஜம், லக்கி டிரா நிஜம், பழைய பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் பின்னால் நின்ற ஜோவான் டீச்சர் நூற்றுக்கு நூறு நிஜம்.

ஜோவான் பிறந்தது தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் தள்ளிவிட்டு வீட்டுமனை போட்டார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அம்மா ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். "மரத்தை விட்டு வந்தாலும் பால் நம்மளை விடலை பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். ஜோவான் படித்தாள், நன்றாகவே படித்தாள். இப்போது ஈப்போவில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் டீச்சர். ஏர்கோன் பழுது பார்க்கும் மார்கஸைக் கட்டிக்கொண்டு, குனோங் ராபாட்டில் ஒரு தொடர்வீட்டில் மாமனார் யேசுதாசனோடு குடித்தனம்.

அந்த வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலைதான் முகத்தில் மோதும். பாதி வானத்தை அது விழுங்கிவிட்டது. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ஜோவான் முழு வானத்தையும் ஆராய்ச்சி செய்தாள். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் படிப்பு. ஆரம்பித்து எட்டு வருடமாகியிருந்தது. சேர்ந்தபோது கூடப் படித்தவர்களில் சிலர் இப்போது தேர்வாளர்களாகிவிட்டார்கள்.

என்ன ஆராய்ச்சி? பிரபஞ்சம் பிறந்து சிறு பிள்ளையாக இருந்தபோது கிளம்பிய ஒளி இன்னமும் எல்லாத் திசையிலிருந்தும் நம்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணலையாக வருகிறது. துணைக்கோள் ஒன்று அதை வானம் முழுக்க அளந்து படமாக்கியிருக்கிறது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம், குனோங் ராபாட்டில் இருப்பவர்கள்கூட. எங்கே பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இங்கே கொஞ்சம் கூட, அங்கே கொஞ்சம் குறைய. அந்தப் புள்ளிகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறைந்து கிடக்கின்றனவா, அல்லது ஒரு பக்கம் மட்டும் தடிப்பா, அதாவது ஏற்ற இறக்கம் அங்கே அதிகமா என்பதுதான் அவள் கேள்வி.

இதை மாமனாருக்கு விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். மார்கஸ் கடையில் ரொட்டி சானாய் தப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தான்.

"வானத்துல அப்படி என்னதாம்மா தேடுற?" என்றார் யேசுதாசன்.

ஜோவான் ஒரு ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, இதுல கருகின புள்ளி இருக்கா?"

"இருக்கு. பின்ன, சுட்டாத்தானே ரொட்டி?"

"எந்தப் புள்ளி எங்க விழும்கிறது ரொட்டிக்கு ரொட்டி மாறும். அது பரவாயில்லை. ஆனா ரெண்டாக் கிழிச்சா, இந்தப் பாதியில எவ்வளவு கருகலோ அந்தப் பாதியிலயும் சுமாரா அவ்வளவு இருக்கணும்ல?"

"ஆமா, ரெண்டும் சாமாவா, ஒரே மாதிரி இருக்கணும்."

"ஒரு பக்கமே ரொம்பக் கருகியிருந்துச்சுன்னா?"

"கல்லு கோணல்" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அவ்வளவுதான் மாமா என் ஆராய்ச்சி."

யேசுதாசன் ரொட்டியைக் கீழே வைத்தார். "அப்ப கடவுளோட ரொட்டிக் கல்லு கோணலானு பார்க்குற!"

"கடவுளை இதுல இழுக்காதீங்க மாமா."

இழுத்துவிட்டார். சர்ச்சின் விழாக்களில் மைக் பிடிப்பவர் அவர்தான். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. குனோங் ராபாட்டில் அவர் 'சகோதர சகோதரிகளே' என்றால் பக்கத்து ஊரான லகாட்டில் தூங்குகிற பூனை எழுந்துகொள்ளும். அந்த வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, யேசுதாசன் வீட்டு மருமகள் கடவுளின் கல்லைச் சோதிக்கிறாள் என்று.

பிறகுதான் அந்த விடை வந்தது. ஜோவான் வானப் படத்தை இரண்டு பாதியாக வெட்டி, இரண்டிலும் தடிப்பை அளந்து பார்த்தாள். வெட்டுக் கோட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அளந்தாள். இப்படியே திருப்பித் திருப்பி, வித்தியாசம் எங்கே ஆக அதிகமோ அந்தக் கோட்டைப் பிடித்தாள். அந்தக் கோட்டில் ஒரு பாதி நன்றாகவே தடித்திருந்தது. தற்செயலா, நிஜமான கோணலா? அதைத் தெரிந்துகொள்ள, கல் கோணலே இல்லை என்று வைத்துக்கொண்டு கணினியில் ஆயிரம் பொய் வானங்களைச் செய்தாள். அந்த ஆயிரத்தில் இரண்டே இரண்டுதான் நிஜ வானம் அளவுக்குச் சாய்ந்திருந்தன.

ஆயிரத்தில் இரண்டு! பினாங்கிலிருந்து வீடியோவில் பேசிய மேற்பார்வையாளர் டாக்டர் ஓங், எதற்கும் புருவத்தை அசைக்காதவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்களும் இந்த மாதிரி ஒரு சாய்வைப் பார்த்ததாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் இவள் அளந்த விதம் புதிது என்றார். புதன்கிழமைக்குள் கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பச் சொன்னார். கூடவே அவளுக்குத் தெரிந்ததையே மறுபடி நினைவூட்டினார்: படிப்புக்குக் கொடுத்த அவகாசத்தை ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது, இந்தப் பருவத்தோடு முடிகிறது. இந்த விடை நின்றால் பட்டம். நிற்காவிட்டால் எட்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் வெறும் பொழுதுபோக்கு.

புதன்கிழமைக்கு முந்திய ஞாயிறு, சர்ச் திருவிழா.

அந்தச் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைக்காதது. தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இடது பக்கப் பெஞ்சுகளில் உட்காரும். பரம்பரையாக டவுனிலேயே இருந்த குடும்பங்கள் வலது பக்கம், மாதா சிலைக்கு அருகே. தோட்டங்கள் போய் ஒரு தலைமுறையாகிவிட்டது. இடது பக்கத்து ஆள்களில் இப்போது வக்கீல் இருக்கிறார், பல் டாக்டர் இருக்கிறார். இருந்தாலும் கால் தானாக இடது பக்கம் போகும். ஜோவானும் இடது பக்கம்தான். எதிர்வீட்டு ரோசரி வலது பக்கம். ரோசரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தங்கமான மனசு. ஆனால் பூசை முடிந்து வரும்போது குறை சொல்ல ஒன்றும் கிடைக்காவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சாப்பாடு முடிந்து குலுக்கல் தொடங்கியது. கணக்குத் தெரிந்தவள், நியாயமானவள் என்று பிஸ்கட் டின்னை வருடா வருடம் ஜோவானிடம்தான் கொடுப்பார்கள். அவள் குலுக்க, ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுக்க, யேசுதாசன் மைக்கில் முழங்கினார். சுவர்க் காத்தாடி இடது பக்கம் போனது. ரைஸ் குக்கர் இடது பக்கம். மிக்சியும் இடது பக்கமே.

ரோசரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது என்ன டின்னு? தோட்டத்துப் பக்கம் மட்டும் வாய் வச்ச டின்னா?"

கூட்டம் சிரித்தது. ஜோவானும் சிரித்தாள். "அக்கா, ஃபாதர்தானே எடுக்கிறாரு. கண்ணைக்கூட மூடிக்கிட்டாரு."

"அவரு மூடினா போதுமா லா? காத்தாடி அந்தப் பக்கம், குக்கர் அந்தப் பக்கம், மிக்சி அந்தப் பக்கம். நாங்க இந்தப் பக்கம் வேர்த்து ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கோம், எங்களுக்கு ஒரு விசிறிகூட விழலை. அதுக்குப் பேரு என்ன?"

"போன வருசம் என்ன சொன்னீங்க அக்கா?"

"என்ன சொன்னேன்?"

"முன் பெஞ்சு ஆளுங்களுக்கே விழுதுனு சொன்னீங்க."

"அதுக்கு முந்தின வருசம் கொயர்ல பாடுறவங்களுக்கு மட்டும்னு சொன்னீங்க" என்று தண்ணீர்ப் பெட்டி தூக்கிக்கொண்டு போன மார்கஸ் எடுத்துக் கொடுத்தான். "நானும் அந்த வருசம்தான் கொயர்ல சேர்ந்தேன். ஒண்ணும் விழலை."

கூட்டம் கைகொட்டியது. ரோசரி விடுவதாக இல்லை. "அப்பவும் சரியாத்தான் சொன்னேன்! இப்பவும் சரியாத்தான் சொல்றேன்!"

ஜோவானுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"அக்கா, யாருக்கு விழுந்துச்சுனு பார்த்துட்டு அப்புறம் கோடு போட்டா, ஏதாவது ஒரு கோடு பொருந்தத்தான் செய்யும். இடது வலது இல்லைன்னா முன் பின். அதுவும் இல்லைன்னா கண்ணாடி போட்டவங்க, போடாதவங்க. எந்த வருசத்துக் குலுக்கலை எடுத்தாலும் இப்படிக் கோடு தேடினா ஒரு கோணல் கிடைக்கும். நீங்க இந்த வருசத்துக்கு மட்டும் நல்ல கோடாத் தேடிப் பிடிச்சுட்டு, மத்த வருசத்தையும் அதே கோட்டுல வச்சுப் பார்த்து, 'பாரு, அப்பல்லாம் இப்படி இல்லை'னு சொன்னா அது..."

அது என்ன என்று அவள் சொல்லவில்லை. குலுக்கிய கை டின்னின் மேலேயே இருந்தது.

"அது என்னம்மா?" என்றார் யேசுதாசன் மைக்கில். ஊரே கேட்டது.

"அது தப்பு" என்றாள் ஜோவான் மெதுவாக.

ரோசரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டாள். வெளிறிப்போன முகத்தோடு ஜோவான் மிச்சச் சீட்டுகளையும் குலுக்கிக் கொடுத்தாள். ஒரு ஹேம்பர், பெரிய பரிசுக் கூடை, வலது பக்கம்கூடப் போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

வேனில் ஏறியதும் மார்கஸ் சொன்னான்: "ரோசரி அக்கா வாய் அப்படித்தான் லா. மனசுல வச்சுக்காத."

"மார்கஸ், நான்தான் ரோசரி அக்கா."

"என்னா?"

"நானும் அதேதான் பண்ணியிருக்கேன். நிஜ வானத்துல, எங்க வெட்டினா வித்தியாசம் ஆக அதிகமோ அந்தக் கோட்டைத் தேடித் தேடிப் பிடிச்சேன். பொய் வானம் ஆயிரத்துக்கும் அப்படித் தேடவே இல்லை. நிஜ வானத்துக் கோட்டையே அதுங்க மேல வச்சு அளந்துட்டேன். பிறகு, 'பாரு, எதுவுமே இவ்வளவு கோணலா இல்லை'ங்கிறேன். எப்படி இருக்கும்? அதுஅதுக்கு ஒரு கோணல் வேற எங்கேயாவது இருந்திருக்கும். நான் பார்க்கலை."

மார்கஸ் சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தினான். "ஏன் அப்படிப் பண்ண?"

"லேப்டாப் ரொம்ப மெதுவு. ஆயிரம் வானத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்க நாள் கணக்கா ஆகும். இப்போதைக்கு ஒரே கோட்டுல வச்சு ஓட்டிப் பார்ப்போம், பிறகு மாத்திக்கலாம்னு தீபாவளி லீவுல புரோகிராம் எழுதினேன். ஸ்கூல் திறந்துச்சு, பரீட்சைத் தாள் வந்துச்சு, மறந்துட்டேன்."

"டாக்டர் ஓங்குக்குத் தெரியுமா?"

"நான் அனுப்புற படத்தைத்தான் அவர் பார்க்கிறாரு. உள்ள என்ன எழுதியிருக்கேன்னு பார்க்கலை."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மார்கஸ் நகரவில்லை.

"புதன்கிழமை அனுப்பிட்டு, பிறகு நிதானமா மாத்தினா என்ன?"

ஜோவான் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"சரி சரி, சும்மா கேட்டேன்" என்று வேனைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போனதும், "சுசா லா" என்றான். அந்த ஒரு சொல்லில் எட்டு வருடத்துக் கஷ்டமும் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜோவான் தன் கணினி நிரலைத் திருத்தினாள். ஒவ்வொரு பொய் வானமும் தன் கோட்டைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். வேலையைப் பங்குபோட மார்கஸ் தன் பில் போடும் லேப்டாப்பைக் கொடுத்தான். யேசுதாசன் சீட்டாடும் கணினியைக் கொடுத்தார். ஆட்டம் பாதியில் நின்றதற்கு ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். மூன்று இயந்திரமும் சாமான் அறையில் ஒன்றாக ஓட, அறை அடுப்பாகக் கொதித்தது. மார்கஸ் ஒரு வாடிக்கையாளருக்குப் பொருத்த வைத்திருந்த ஏர்கோனை எடுத்து வந்து அங்கேயே மாட்டினான். பினாங்கு கொடிமலையிலும் கேமரன் மலையிலும் இல்லாத குளிர். யேசுதாசன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அந்த அறையில் பனி விழுந்தது என்றுகூட அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பனி விழவில்லை. அங்கே வைத்திருந்த கருவாடு மட்டும் கொஞ்சம் விறைத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில், ஆசிரியர் அறையில் ஜோவான் கறிபாப்பைக் கையில் எடுத்தபோது போன் வந்தது.

"ஜோ, ஓட்டம் முடிஞ்சிருச்சு. திரையில ஒரு நம்பர் நிக்குது."

"முன்னாடி ரெண்டுனு இருந்த இடத்துலதானே?"

"ஆமா, அதே இடம்."

"சொல்லு."

"எண்பத்தாறு."

ஆயிரத்தில் எண்பத்தாறு. கோணலே இல்லாத கல்லில் சுட்டாலும், பன்னிரண்டு ரொட்டிக்கு ஒன்று இந்த அளவுக்கு ஒரு பக்கம் கருகும். அதிசயம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"ஜோ? இருக்கியா?"

"இருக்கேன். சாப்பிட்டியா?"

"உன் குரல் சரியில்லையே. ஸ்கூலுக்கு வாரேன், இரு."

"வேணாம் மார்கஸ். அடுத்த பாடம் ஒளிவிலகல். முடிச்சிட்டு வாரேன்."

அன்று மாலையே டாக்டர் ஓங்குக்கு எல்லாவற்றையும் எழுதினாள். எந்த வரியில் தப்பு, எப்போது செய்தது, திருத்திய பின் என்ன வந்தது. அவர் உடனே கூப்பிட்டார். 

"இதை யார் கண்டுபிடித்தது?" என்றார்.

"நான்தான்."

"எப்படி?"

"சர்ச் லக்கி டிராவில்" என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுமுனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் ஓங் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மாநாட்டை மறந்துவிடு என்றார். கோணல் கிடைக்கவில்லை என்பதும் எழுதத்தக்க விடைதான், முதலில் ஏன் கிடைத்தது போலத் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுது என்றார். அவகாசத்துக்கு அவரே போய்ச் சண்டை போடுவதாகச் சொன்னார். போட்டார். ஒரே ஒரு பருவம், இதற்கு மேல் கேட்கக்கூடாது என்ற எச்சரிக்கையோடு கொடுத்தார்கள்.

மறுவாரம் ரோசரி ஒரு தட்டு கேசரியோடு வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். உன் முகமே செத்துப்போச்சு. எனக்கு ஒரு வாரமாச் சாப்பாடு இறங்கலை."

"உள்ள வாங்க அக்கா. நீங்க பேசினதாலதான் என் தப்பே எனக்குத் தெரிஞ்சுச்சு."

"என்னது? அப்ப உன் படிப்பைக் கெடுத்தது நானா, காப்பாத்தினது நானா?"

"ரெண்டும்தான்."

ரோசரி கேசரியை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்ப எனக்கு முழுசும் தெரிஞ்சாகணும். முதல்ல இருந்து சொல்லு." ஜோவான் சொன்னாள். ரொட்டி இல்லாததால் கேசரித் தட்டையே திருப்பித் திருப்பிக் காட்டி, முந்திரி எந்தப் பாதியில் அதிகம் என்று விளக்கினாள். ரோசரி குறுக்கே குறுக்கே கேட்டாள், இரண்டு தடவை சண்டை பிடித்தாள், முந்திரி அதிகமிருந்த பாதியைத் தின்றாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து போனாள். என்ன புரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த திருவிழாவுக்குள் ஜோவான் ஆய்வேட்டைக் கொடுத்து, தேர்வாளர்களின் கேள்விகளைத் தாங்கி, பட்டமும் வாங்கிவிட்டாள். மறுபடி அதே மேசை, அதே டின். ஆனால் இம்முறை குலுக்கல் தொடங்கும் முன்பே வலது பக்கத்திலிருந்து ரோசரி எழுந்து, சபை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யாருக்காவது குறை சொல்லணும்னா இப்பவே கோட்டைப் போட்டுக்குங்க. சீட்டு எடுத்த பிறகு ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது!"

ஒருவரும் திறக்கவில்லை. யேசுதாசனுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. முதல் சீட்டை எடுக்கும் முன் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, மலை அதிர முழங்கினார்:

"சகோதர சகோதரிகளே! டின்னைக் குலுக்கப் போறது யாரு தெரியுமா? டாக்டர் ஜோவான்! வானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான், கடவுளோட கல்லு கோணலே இல்லைனு உலகத்துக்கே நிரூபிச்சவங்க!"

கைதட்டல் எழுந்தது. ஜோவான் சங்கடத்தோடு வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் வலது பக்கத்திலிருந்து ரோசரியின் குரல் வந்துவிட்டது.

"அண்ணே, மைக்கை இறக்குங்க. அவ அப்படி நிரூபிக்கவே இல்லை. கோணல்னு சொல்றதுக்குச் சாட்சி பத்தலைன்னுதான் சொன்னா. அதுவும் அவ தேடின அந்த ஒரு விதத்துல. ரெண்டும் சாமா இல்லை லா!"